ஒரு டச்சுத் தோட்டமும் நம் பூங்காவின் பெயர்ப்பலகைகளும்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. மின்னிதழுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



இந்த மேடையில் இதுவரை மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசியிருக்கிறார்கள். உயில் எழுதுவது எப்படி என்று வக்கீல் ஒருவர் பேசினார். முழங்கால் வலி பற்றி டாக்டர் பேசிய அன்றைக்கு நாற்காலி போதவில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு உங்கள் முழங்காலுக்கும் சொத்துக்கும் எந்த விதத்திலும் உதவாது. நெதர்லாந்தில் இருக்கும் ஒரு பழைய தோட்ட வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

காரணம் இருக்கிறது. நம் பூங்காவில் உள்ள மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது என்று போன கூட்டத்தில் முடிவானது உங்களுக்குத் தெரியும். மாதிரிக்காக எழுதி வந்த பலகையில் மேலே பெரிய எழுத்தில் லத்தீன் பெயர், அதன் கீழே ஆங்கிலப் பெயர். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: "பூவரச மரத்துக்கு எதுக்கு சார் லத்தீன்? அதை யார் வாசிக்கப்போறா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தேடிப் படித்தபோது அந்தப் பதிலில் பாதி ஹார்ட்டகாம்ப் என்ற தோட்டத்துக்குள் போய் முடிந்தது. மீதிப் பாதி நம் பக்கம்தான் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இடம். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே ஹார்லெம் என்ற ஊர், அதற்குச் சற்றுத் தெற்கே ஹேம்ஸ்டேட. அந்த ஊரின் தென்கோடியில், பென்னப்ரூக் எல்லையை ஒட்டி, பழைய நெடுஞ்சாலையின் ஓரமாக ஹார்ட்டகாம்ப் இருக்கிறது. நெதர்லாந்து என்றாலே கடல் மட்டத்துக்குக் கீழே, சதுப்பு நிலம், காற்றாலை என்றுதான் நமக்கு நினைப்பு. இந்தப் பகுதி அப்படியல்ல. கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால், ஒரு காலத்தில் கரையாகவே இருந்த பழைய மணல்திட்டு இது. கால் நனையாத நிலம், நல்ல தண்ணீர், மேற்கே மணல்மேடு காற்றைத் தடுக்கும். தோட்டம் போட அங்கே இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்கள் கோடை வந்தால் ஊரில் இருக்கமாட்டார்கள். கால்வாய்கள் பார்க்க அழகுதான், ஆனால் ஊர்க் கழிவெல்லாம் அதில்தான். வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது. குடும்பம், வேலைக்காரர்கள், பாத்திரம் பண்டம் எல்லாவற்றோடும் கிராமப்புற வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வீடுகளுக்குப் 'பைட்டன்பிளாட்ஸ்' என்று பெயர், வெளியே உள்ள இடம் என்று பொருள். 1632 முதல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே குதிரை இழுக்கும் படகு நேரம் தவறாமல் ஓடியது. காலையில் கணக்குப் பார்த்துவிட்டு மாலையில் தோட்டத்தில் உட்கார முடியும். நம் ஊர்க்காரர்கள் ஊட்டியில் வீடு வாங்கிப் போடுவதைப் போலத்தான். இவர்கள் அதை நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஹார்ட்டகாம்பை 1709இல் ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்பவர் வாங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்து ஆம்ஸ்டர்டாமில் வேரூன்றிய வங்கிக் குடும்பம். அவர் மறைந்த பிறகு 1727இல் அதே பெயர் கொண்ட மகனுக்கு வந்தது. நம் கதைக்கு வேண்டியவர் இந்த மகன்தான். வங்கியாளர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அளவுக்கு மீறிச் செடிப் பைத்தியம்.

அவருடைய தோட்டத்தில் வெட்டி ஒழுங்குபடுத்திய வேலிச்செடிகள், சிலைகள், மீன் குளங்கள், செயற்கை மேடுகள், வழி தவறவைக்கும் புதர்ப்பாதைகள் எல்லாம் இருந்தன. இவை அன்றைய எல்லாப் பணக்காரத் தோட்டங்களிலும் உண்டு. புலி, குரங்குகள், இந்திய மான்கள், விதவிதமான பறவைகள் அடங்கிய ஒரு மிருகக்காட்சிச் சாலையும் இருந்தது. இவற்றையும் விட்டுத்தள்ளலாம். பார்க்க வந்தவர்களை வாய் பிளக்கவைத்தவை நான்கு கண்ணாடிக் கூடங்கள். ஒன்றில் தென் ஐரோப்பியச் செடிகள், அடுத்ததில் ஆசியச் செடிகள், மூன்றாவதில் ஆப்பிரிக்கா, நான்காவதில் அமெரிக்கா. வெளியே பனி கொட்டும்போது உள்ளே நான்கு பருவநிலைகள்.

இது எவ்வளவு கடினமான காரியம் என்று மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தாலே நம் துளசி தலைசாய்த்துவிடுகிறது. ஆசியாவிலிருந்து ஹாலந்துக்குக் கப்பல் பயணம் பல மாதம். மேல்தளத்தில் வைத்தால் உப்புத் தண்ணீர் தெறிக்கும், கீழே வைத்தால் வெளிச்சம் இல்லை. மாலுமிகளுக்கே நல்ல தண்ணீர் அளந்து கொடுக்கும் இடத்தில் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் மூடிக் கொண்டுபோகும் முறை வருவதற்கு இன்னும் நூறு வருடம் இருந்தது. அதனால் உயிரோடு வந்து சேர்ந்தவை குறைவு. விதை, கிழங்கு, உலர்ந்த மாதிரிகள்தான் அதிகம். நன்னம்பிக்கை முனையில் கம்பெனிக்கு 1652 முதல் ஒரு தோட்டம் இருந்தது. கப்பலுக்குக் காய்கறி தருவதற்காகப் போட்ட அந்தத் தோட்டம், செடிகளுக்கும் இடைத்தங்கல் ஆனது.

வந்து சேர்ந்த பிறகும் பாடுதான். குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். தோல் பதனிடுபவர்கள் கழித்துக் கொட்டும் மரப்பட்டைத் தூளைக் குழியில் நிரப்பினால் அது புளித்து மாதக்கணக்கில் மெதுவாகச் சூடு தரும். அதற்குள் தொட்டிகளைப் புதைப்பார்கள். இந்த உத்தியில் டச்சுத் தோட்டக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். இங்கே ஒரு பெண்மணியைச் சொல்லாமல் போகக்கூடாது. அக்னேட்டா பிளாக் என்பவர், ஃபெக்ட் ஆற்றங்கரையில் ஃபைஃபர்ஹோஃப் என்ற தன் தோட்டத்தில் 1687இல் அன்னாசியைக் காய்க்கவைத்தார். கிளிஃபோர்டுக்கு அரை நூற்றாண்டு முன்பு. அந்தப் பெருமையில் தன் உருவம் போட்ட பதக்கமே அடித்துக்கொண்டார்!

சரி, இதற்கெல்லாம் பணம்? வங்கித் தொழிலிலிருந்து வந்தது, கூடவே கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு நம் கடற்கரையில் 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690 முதல் சோழமண்டலக் கரைக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி போனது. அந்தத் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். பள்ளியில் சொல்லாத ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் அந்த எண்ணிக்கை கூடியது. ஹார்ட்டகாம்பின் கண்ணாடிக் கூடத்தை வியந்து பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. நம் நெசவாளியின் கைவேலை எந்தக் கண்ணாடிக்குப் போனது என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பணமும் இந்தச் செடிகளும் வந்தது ஒரே கப்பலில்தான்.

இப்போது கதாநாயகன் வருகிறார். 1735இல் சுவீடனிலிருந்து 28 வயது இளைஞர் ஒருவர் ஹாலந்துக்கு வந்தார், பெயர் கார்ல் லின்னேயஸ். மருத்துவப் பட்டம் வாங்க வேண்டும், அது இருந்தால்தான் ஊரில் பெண் தருவார்கள். ஹார்டர்வைக் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பட்டம் வாங்கிவிட்டார். சிரிக்காதீர்கள், ஆய்வேட்டைச் சுவீடனிலேயே எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார். பெட்டியில் இன்னொரு கையெழுத்துப் பிரதியும் இருந்தது. உலகில் உள்ள எல்லாவற்றையும், கல், செடி, விலங்கு என்று மூன்றாகப் பிரித்து அடுக்கும் ஒரு திட்டம். அதே ஆண்டு லைடன் நகரில் நண்பர்கள் உதவியோடு அது அச்சானது. சில பெரிய தாள்கள்தான். 'சிஸ்டமா நாச்சுரே' என்ற அந்தப் புத்தகத்தின் பெயரை விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆம்ஸ்டர்டாமில் யோஹான்னஸ் பர்மன் என்ற தாவரவியல் அறிஞர் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். லின்னேயஸை வீட்டில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, வேலையில் உதவிக்கு வைத்துக்கொண்டார். இருவரும் ஒரு நாள் ஹார்ட்டகாம்பைப் பார்க்கப் போனார்கள். பார்த்தறியாத செடியைக் கூட, பூவைப் பிரித்துப் பார்த்துவிட்டு இது இன்ன இனம் என்று சொல்லும் இந்தப் பையனைக் கிளிஃபோர்டுக்கு உடனே பிடித்துவிட்டது. அவருக்கோ தன் உடம்பைப் பற்றி ஓயாத பயம். மருத்துவம் படித்த தாவரவியலாளர் வீட்டோடு இருந்தால் இரண்டு கவலையும் தீரும். ஆனால் பர்மன் விடவேண்டுமே! கிளிஃபோர்டின் நூலகத்தில் ஜமைக்கா பற்றி ஹான்ஸ் ஸ்லோன் எழுதிய அரிய நூலின் இரண்டாம் தொகுதியை பர்மன் ஆசையோடு புரட்டிக்கொண்டிருந்தார். "என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இவரை எனக்குக் கொடுங்கள்" என்கிற பாணியில் பேரம் முடிந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு லின்னேயஸ்! சம்பளம் ஆண்டுக்கு 1,000 கில்டர், தங்குமிடமும் சாப்பாடும் தனி.

1735 செப்டம்பர் 24ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். நான்காவது நாள், செப்டம்பர் 28 இரவு, அவருடைய உயிர் நண்பர் பீட்டர் ஆர்ட்டெடி ஆம்ஸ்டர்டாமில் ஒரு விருந்து முடிந்து இருட்டில் நடந்து திரும்பும்போது கால்வாயில் விழுந்து இறந்துபோனார். 30 வயது. மீன்களை வகைப்படுத்துவதில் அன்று ஐரோப்பாவில் அவருக்கு இணையில்லை. இருவரில் யார் முதலில் போனாலும் மற்றவர் அவருடைய எழுத்தைக் காப்பாற்றுவது என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள். வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் பிடித்துவைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளைக் கிளிஃபோர்டு பணம் கொடுத்து மீட்டார். லின்னேயஸ் 1738இல் அதைப் பதிப்பித்தார். மீன்களைப் பற்றிய அந்த நூல் இன்றும் நண்பர் ஆர்ட்டெடி பெயரிலேயே இருக்கிறது.

ஹார்ட்டகாம்பில் லின்னேயஸ் இருந்தது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான், 1737 அக்டோபரில் கிளம்பிவிட்டார். அதற்குள் அவர் எழுதி அச்சேற்றியவற்றைப் பார்த்தால் தூங்கினாரா என்றே சந்தேகம் வரும். தாவரவியல் அடிப்படைகள், தாவரப் பேரினங்கள், பெயர் வைப்பதன் விதிகள், லாப்லாந்துச் செடிகள் என்று வரிசையாகப் புத்தகங்கள். ஒரு மனிதருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லாமல், நல்ல நூலகமும், கைக்கெட்டும் தூரத்தில் நான்கு கண்டத்துச் செடிகளும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அவருடைய முறை என்ன? பூவின் உள்ளே மகரந்தத் தாள்களை எண்ணுவது. பள்ளிக்கூடப் பாடம் மறந்திருக்கலாம், அதனால் நாளைக் காலையிலேயே செய்து பாருங்கள். மல்லிகையைப் பிரித்தால் இரண்டு. அது ஒரு வகுப்பு. கத்தரிப் பூவில் ஐந்து, மிளகாயிலும் அப்படியே. கல்வாழைப் பூவில் ஒன்றுதான். செம்பருத்தியில் எண்ணவே முடியாது, எல்லாம் நடுவே ஒரே குழலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டியவற்றுக்குத் தனி வகுப்பு. இப்படி 24 வகுப்புகள். விஞ்ஞானம் பிறகு இந்த எண்ணும் முறையைக் கைவிட்டுவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு அதன் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை வந்ததே, அதுதான் பெரிய காரியம்.

இனி வாழைக்கு வருகிறேன். நம் வீட்டுக் கொல்லையில் சாக்கடைத் தண்ணீரில் தானாக வளரும் வாழை, ஹாலந்தில் கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பூக்க மறுத்தது. லின்னேயஸும் தலைமைத் தோட்டக்காரர் டீட்ரிக் நீட்செலும் சேர்ந்து யோசித்தார்கள். வாழை பிறந்த நாட்டில் மழை எப்படிப் பெய்கிறது? மாதக்கணக்கில் காய்ச்சல், பிறகு ஒரே கொட்டு. நல்ல வளமான மண்ணில் வைத்து, சில வாரம் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிறகு அடைமழை போல ஊற்றினார்கள். 1736 ஜனவரியில், வெளியே நடுக்குளிர்காலத்தில், வாழை பூவிட்டது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் லின்னேயஸ் அதற்காகவே ஒரு தனிப் புத்தகம் எழுதினார், 'மூசா கிளிஃபோர்டியானா', கிளிஃபோர்டின் வாழை என்று பொருள். ஒரு தாருக்கு ஒரு புத்தகம். ஆதாமும் ஏவாளும் தின்ற விலக்கப்பட்ட கனி ஆப்பிள் அல்ல, வாழைப்பழமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்கு உண்டு. வாழைக்கு அவர் வைத்த லத்தீன் பெயரில் 'பாரடிசியாக்கா', அதாவது சொர்க்கத்தைச் சேர்ந்தது, என்ற சொல் இருப்பது அதனால்தான்.

இந்த நீட்செல் ஜெர்மானியர். எழுதிய புத்தகம் எதுவும் கிடையாது. ஆனால் லின்னேயஸ் பின்னாளில் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றபோது, ஹார்ட்டகாம்பிலிருந்து அவர் வரவழைத்துக்கொண்ட ஆள் இவர்தான். எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் விடக்கூடாது என்று தெரிந்தவர் யார் என்பதை லின்னேயஸ் மறக்கவில்லை.

தோட்டத்தின் முழுப் பட்டியல் 'ஹோர்ட்டுஸ் கிளிஃபோர்டியானுஸ்' என்ற பெரிய நூலாக 1738இல் வெளியே வந்தது. எழுதி முடிக்க ஒன்பது மாதம். படங்களில் பல கியோர்க் ஏரட் என்ற தோட்டக்காரர் மகன் வரைந்தவை, செதுக்கியவர் யான் வாண்டலார். கிளிஃபோர்டு இதை விற்கவில்லை, நண்பர்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதன் முகப்புப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவே ஐரோப்பா ஒரு பெண்ணாக, அரசியைப் போல, சிங்கத்தோடு வீற்றிருக்கிறாள். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய மூன்று பெண்கள் அவளுக்குச் செடிகளைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். ஆசியாவின் கையில் காப்பிச் செடி. பின்னணியில் அந்த வாழை பூவோடு நிற்கிறது. சூரிய தேவன் அப்பல்லோவுக்கு லின்னேயஸின் முகம். ஒரு குழந்தையின் கையில் கண்ணாடிக் கூடத்துக்கு அவசியமான வெப்பமானி.

அழகான படம்தான். ஆனால் கொண்டுவந்து கொடுக்கும் அந்தப் பெண்களுக்கு அந்தச் செடி எதற்கு உதவும் என்று தெரியுமா, அவர்கள் அதை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யாராவது கேட்டார்களா? படத்தில் அதற்கு இடமில்லை.

தோட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கிளிஃபோர்டு 1760இல் காலமானார். 1772 இறுதியில் ஐரோப்பாவையே உலுக்கிய பண நெருக்கடியில் குடும்ப வங்கி திவாலானது. இங்கிலாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளில் சூதாடியதுதான் காரணம். ஒரு கம்பெனியால் உயர்ந்து இன்னொரு கம்பெனியால் விழுந்தார்கள். தோட்டம் கைமாறியது. நேர்க்கோட்டுப் பாத்திகள் போய், காலத்தின் நாகரிகப்படி இயற்கைக் காடு போன்ற தோற்றம் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் சில காலம் கத்தலினா ஃபான் பன்விட்ஸ் என்ற பெருஞ்செல்வக் கலைச் சேகரிப்பாளரிடம் இருந்தது. இன்று அது அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தின் இடம். அருங்காட்சியகம் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை. நான் அந்தப் பக்கம் போனபோது சாலையில் நின்று பார்த்ததோடு சரி. மற்றவர்கள் குடியிருக்கும் இடத்துக்குள் நுழைந்து போட்டோ எடுப்பது நமக்கும் பிடிக்காதல்லவா?

கண்ணாடிக் கூடத்துச் செடிகள் எல்லாம் என்றோ செத்துவிட்டன. மிஞ்சியது உலர்ந்த செடிகள். கிளிஃபோர்டு அவற்றைத் தாளில் ஒட்டிவைத்த விதம் வேடிக்கையானது. தாளின் அடியில் அழகான பூச்சாடிப் படம் ஒன்றை அச்சடித்து ஒட்டி, அதிலிருந்து செடி முளைத்து நிற்பது போலக் காம்பைப் பொருத்துவார்கள். கீழே சித்திர வேலைப்பாட்டோடு பெயர்ச்சீட்டு. 1791இல் ஜோசப் பேங்க்ஸ் அந்தத் தொகுப்பை வாங்கினார். இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 3,491 தாள்கள் பத்திரமாக இருக்கின்றன.

அந்தத் தாள்கள் ஏன் முக்கியம்? இங்கேதான் நம் பலகைக்கு வருகிறோம். ஹார்ட்டகாம்பில் இருந்தபோது லின்னேயஸும் மற்றவர்களைப் போலச் செடிக்கு நீளமான பெயர்தான் எழுதினார். இலை இப்படி, காம்பு அப்படி, பூ இன்ன மாதிரி என்று ஒரு வாக்கியமே பெயராக இருக்கும். 1753இல்தான் எல்லாச் செடிகளுக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார், நம் ஊரில் இனிஷியலும் பெயரும் போல. இன்றைக்கும் உலகம் முழுக்கத் தாவரப் பெயர்களுக்கு அந்த 1753தான் தொடக்கப் புள்ளி. அந்தப் பெயர்களில் பலவற்றுக்கு, "இந்தப் பெயர் இந்தச் செடியைத்தான் குறிக்கிறது" என்பதற்கான மூலச் சாட்சி, பூச்சாடி ஒட்டிய அந்தத் தாள்கள். வீட்டுப் பத்திரத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி.

ஆகவே நண்பர் கேட்ட கேள்விக்கு முதல் பாதிப் பதில்: லத்தீன் பெயர் தேவைதான். புங்கை என்றால் இங்கே ஒரு மரம், ஹிந்தியில் கரஞ்ச், வேறு ஊரில் வேறு பெயர். ஒரே பெயர் இரண்டு மரத்துக்கும் இருக்கும். மருந்துக்குப் பறிக்கும்போது ஆள் மாறினால் ஆபத்து. குழந்தைகள் அந்தப் பெயரை வைத்துத் தேடினால் உலகமே அந்த மரத்தைப் பற்றி எழுதியது கிடைக்கும்.

இனி மீதிப் பாதி. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம் மரங்களை அவர் எப்படி அறிந்தார்? பெரும்பாலும் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற நூல் வழியாக. அதே டச்சுக் கம்பெனியின் கொச்சி ஆளுநராக இருந்த ஃபான் ரீட தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அந்த நூலில் ஒரு வியப்பு இருக்கிறது. முதல் தொகுதியிலேயே, செடிகளைப் பற்றிச் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் என்று அவருடைய சாட்சியம் அவர் கையெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சாட்சியமும் உண்டு. செடிகளின் மலையாளப் பெயரும் உண்டு. கேட்டு எழுதினார்கள், யாரைக் கேட்டோம் என்றும் எழுதினார்கள். கம்பெனி அதிகாரிதான், அவருக்கும் லாபக் கணக்கு இருந்தது. இருந்தாலும் இதைச் செய்தார்.

அப்படிச் செய்ததால் என்ன மிஞ்சியது பாருங்கள். நம் பூங்காவின் வடக்கு வாசலருகே நிற்கும் மகிழ மரத்தின் லத்தீன் பெயர் 'மிமுசாப்ஸ் எலெஞ்சி'. அந்த எலெஞ்சி லத்தீனே அல்ல! மலையாளத்தில் மகிழுக்கு இலஞ்ஞி. நம் பழைய தமிழிலும் இலஞ்சி என்றால் மகிழ்தான். இட்டி அச்சுதன் சொன்னதை டச்சுக்காரர் எழுத, லின்னேயஸ் அதை அப்படியே வைத்துக்கொண்டார். புங்கையின் 'பொங்காமியா' என்ற பெயரும் நம் பக்கத்துப் 'பொங்கம்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். பலகையில் லத்தீன் என்று நினைத்து நாம் முகம் சுளித்த இடத்தில் நம் வார்த்தையே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சமையலறைக்காரர்களுக்காக. லின்னேயஸின் மாணவர் யோஹான் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்தார், அதன் பிறகு ஆங்கிலேயக் கம்பெனியிடம். இங்கிருந்து அவர் அனுப்பிய செடிகளில் ஒன்றுக்கு லின்னேயஸ் அவர் பெயரையே வைத்தார். 'கோனிகீ' என்று முடியும் அந்தப் பெயர் நம் கறிவேப்பிலைக்கு. தினமும் தாளிக்கிறோம், பிறகு தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறோம். கோனிக்கின் பெயர் அதில் இருக்கிறது. அந்த இலையை அவர் கையில் பறித்துக் கொடுத்து, இதற்குக் கறிவேப்பிலை என்று பெயர் என்று சொன்னவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் எதிலும் இல்லை.

இதனால்தான் பலகை விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை. மாதிரிப் பலகையில் தமிழ்ப் பெயரே இல்லை என்பது முதல் குறை. அதைச் சரிசெய்வதாகச் செயலாளர் சொல்லிவிட்டார், நன்றி. இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. பட்டியலை நாம் எப்படித் தயாரித்தோம்? செல்போனில் இலையைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலியை வைத்து. அந்தச் செயலி மேற்கு மூலையில் உள்ள நாவல் மரத்துக்கு வேறு ஏதோ பெயர் சொல்லியிருக்கிறது. பதினைந்து வருடமாக அந்த மரத்தடியைப் பெருக்கும் நம் தோட்டக்கார அம்மாவிடம் காட்டினேன். "இது நாவல் சார். கரு நாவல். ஆனி ஆடியில புள்ளைங்க நாக்கெல்லாம் ஊதாவாகுதே, நீங்க பாத்ததில்லையா?" என்றார். பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு தவறுகளை நின்ற இடத்திலேயே சொன்னார். ஒரு மரத்துக்கு எனக்குத் தமிழ்ப் பெயர் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அதன் பட்டை எதற்கு ஆகும் என்பதும்.

பலகைகள் பெயிண்டரிடம் போவதற்கு முன்பு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த அம்மாவோடு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஞாயிறு அவருக்கு விடுமுறை நாள், அதனால் அரை நாள் கூலி சங்கக் கணக்கிலிருந்து தரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பொருளாளர் தலையாட்டியதாக ஞாபகம். ஒவ்வொரு மரத்தின் முன்பும் நின்று அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம். பிறகு லத்தீன் பெயரைச் சரிபார்ப்போம். பலகையின் கீழே சிறிய எழுத்தில், பெயர் சொன்னவர் என்று அவர் பெயரையும் போடவேண்டும். இதற்கு மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. ஆட்சேபணை உள்ளவர்களும் ஞாயிறு காலை வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். குடை கொண்டுவாருங்கள், மழை வரும்போல இருக்கிறது.